பெரியப்பா கொடுத்த வேட்டைப் புத்தகங்கள்: மகனிடம் திருப்பிக் கொடுக்கலாமா?

வெள்ளவத்தையில் இருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மகனுக்கு 12 வயது. தரம் 7, ஆங்கில மொழிமூலம். பாடப்புத்தகம் தவிர வேறெதையும் தொடாத பிள்ளை; கையில் எப்போதும் போன். கணவரின் அண்ணா வீட்டை விற்றுவிட்டு வெளிநாடு போனபோது, ஒரு பெட்டி நிறையப் பழைய ஆங்கிலப் புத்தகங்களைப் பையனிடம் கொடுத்திருக்கிறார். ஜிம் கோர்பெட், கென்னத் அண்டர்சன், சாமுவேல் பேக்கர் என்ற அந்தக் கால வேட்டைக்காரர்கள் எழுதியவை, கென்யாவின் சாவோவில் ஆட்களைக் கொன்ற சிங்கங்களைப் பற்றிய ஒன்று, கூடவே கப்பல், தீவு, புதையல் என்று சில கதைகள். அன்றிலிருந்து பையன் போனைத் தேடுவதில்லை. இரவு பத்து மணிக்கு மேலும் வாசிக்கிறான். இதுவரைக்கும் சந்தோஷம்தான் என்கிறார் தாய். அப்புறம் அவன் கெற்றப்போல் ஒன்று செய்தான். பக்கத்து மதிலில் ஓடிய அணிலை அடித்தான், அது செத்துப்போனது. அன்றிரவு சாப்பிடாமலே படுத்திருக்கிறான். அடுத்த நாள் அணிலை மொட்டைமாடிப் பூச்சட்டி ஒன்றில் புதைத்தான் என்பது பிறகுதான் தெரியவந்தது. இப்போது பிறந்தநாளுக்கு எயார் ரைஃபிள் கேட்கிறான்.

தாய் வன்னியில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் ஐயாவோடு காட்டுக்குத் தேன் எடுக்கப் போனவர். 2009-ல் முள்ளிவாய்க்கால் வரை போய்த் தப்பி வந்தவர். இரண்டையும் மகனிடம் சொன்னதில்லை. வீட்டில் யாராவது 'துவக்கு' என்று சொன்னாலே நெஞ்சு படபடக்கிறது என்கிறார். பெட்டியைக் கட்டி அலுமாரிக்கு மேல் போட்டுவிட்டார். ஒரு கிழமையாக மகன் அவரோடு சரியாகக் கதைப்பதில்லை. "ஆம்பிளைப் பிள்ளைதானே, வாசிக்கட்டும்" என்பது கணவரின் கருத்து. "கொலை செய்யிற புத்தகம் சைவ வீட்டுக்குள்ள எதுக்கு?" என்பது அப்பம்மாவின் கருத்து. இந்தப் புத்தகங்கள் பிள்ளையின் மனதைக் கல்லாக்கிவிடுமா? எதைக் கொடுப்பது, எதை ஒளிப்பது? துவக்கு வாங்கிக் கொடுக்கலாமா? தமிழில் இப்படி ஒன்றும் இல்லையா? இவைதான் அவர் கேட்பவை.

அன்புள்ள சகோதரி,

அணிலில் இருந்தே தொடங்குகிறேன். உங்களை அதிகம் பயமுறுத்தியது அந்தச் சம்பவம்தான். கடிதத்தில் எனக்கு அதிகம் ஆறுதல் தந்ததும் அதுதான். உயிரை எடுத்த அன்று ஒரு பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை, மறுநாள் யாருக்கும் தெரியாமல் புதைக்கிறான் என்றால், அவன் மனது வேலை செய்கிறது என்று அர்த்தம். நாங்கள் கவலைப்படுகிற பிள்ளைகள் வேறு மாதிரி. திரும்பத் திரும்ப மிருகங்களை வதைப்பார்கள். அது துடிப்பதைப் பார்த்துச் சிரிப்பார்கள், மற்றவர்களுக்கும் காட்டிப் பெருமைப்படுவார்கள். தங்களைவிடச் சின்னப் பிள்ளைகளிடமும் அதே கையைக் காட்டுவார்கள். அப்படி ஏதாவது கண்டால் தாமதிக்காமல் சிறுவர் உளநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நீங்கள் எழுதியதில் அதற்கான அடையாளம் எதுவும் இல்லை.

ஆனால் நடந்ததை அவன் பக்கத்தில் நின்று ஒருமுறை பாருங்கள். அணிலைப் பற்றி வீட்டில் ஒருவரும் அவனோடு கதைக்கவில்லை. பெட்டி மட்டும் காணாமல் போய்விட்டது. குற்றம் செய்தது தான், தண்டனை புத்தகத்துக்கு என்றால் அவனுக்கு என்ன விளங்கும்? தனக்கு வந்த குற்ற உணர்ச்சியை யாரிடம் கொண்டுபோய் வைப்பது என்றே தெரியாமல் இருக்கிறான் பிள்ளை. முதல் வேலையாக அந்தக் கதையை எடுங்கள். "அணிலைப் புதைச்சனி எண்டு எனக்குத் தெரியும். அண்டைக்கு உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டால் போதும். உபதேசம் வேண்டாம்.

போனை விட்டுவிட்டுப் புத்தகத்துக்கு வந்ததையும் லேசாக எடுக்க வேண்டாம். 2018-ல் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த சிறுத்தை ஒன்றைச் சனம் அடித்துக் கொன்றதும், அந்த வீடியோ எல்லார் போனிலும் சுற்றியதும் உங்களுக்கு நினைவிருக்கும். அதில் சிறுத்தை ஏன் ஊருக்குள் வந்தது என்று சொல்ல ஒருவரும் இல்லை. கொன்ற பிறகு யாருக்காவது மனது கனத்ததா என்றும் தெரியாது. நல்ல வேட்டைப் புத்தகத்தில் இவை இரண்டும் இருக்கும். எந்தப் புத்தகம் நல்லது என்று பிரிப்பதற்கும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்: மிருகம் ஏன் அப்படி நடந்தது என்று எழுதியவர் யோசிக்கிறாரா? சுட்ட பிறகு அவருக்கு என்ன ஆகிறது?

உங்கள் பயத்தைப் பற்றி

இதைக் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். துவக்கு என்ற சொல்லுக்கு உங்கள் உடம்பு பதறுவது அளவுக்கு மீறியது அல்ல. நீங்கள் கண்டதற்கு அது நியாயமான பதில். ஆனால் அந்தப் பதற்றம் உங்களுடையது, மகனுடையது அல்ல. கொழும்பில் வளரும் பிள்ளைக்குத் துவக்கு என்றால் புத்தகத்தில் வரும் ஒரு பொருள், அவ்வளவுதான். வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஏன் கதவு சாத்தப்படுகிறது என்று தெரியாமல் இருப்பதுதான் அவனுக்கு மர்மமாக இருக்கும். 12 வயதுப் பையனுக்கு மர்மத்தைவிட ருசியான விஷயம் வேறில்லை.

எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. "எனக்கு அந்தச் சத்தம் கேட்டுக் கேட்டுப் பயம் பிடிச்சிட்டுது, அதுதான் கோபப்பட்டனான்" என்பதே பெரிய விஷயம். வட இந்தியாவின் குமாவுன் மலைப்பகுதியைப் பற்றிய கோர்பெட்டின் புத்தகத்தில், சம்பாவத் என்ற ஊர்ப்பக்கம் ஆட்களைக் கொன்ற புலியின் கதையில், ஒரு பெண் வருகிறாள். தன் சகோதரியைப் புலி தூக்கிப் போவதைக் கண்ட நாளில் இருந்து அவளுக்குப் பேச்சே வரவில்லை. புலி செத்துவிட்டது என்று அதன் தோலைக் கொண்டுபோய்க் காட்டியபோதுதான் பேச்சு திரும்புகிறது. உங்கள் மகன் அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் வந்திருப்பான். அதைப் பற்றி அவனிடம் கேட்டால் கதை தானாகத் தொடங்கும்.

படபடப்பும் நித்திரையின்மையும் உங்களைத் தொடர்ந்து வருத்தினால் அதற்குத் தனியாக உதவி எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள்.

பெட்டிக்குள் இருப்பவை

கோர்பெட்டை முதலில் கொடுங்கள். 'மேன் ஈட்டர்ஸ் ஒஃப் குமாவுன்' 1944-ல் வந்தது. வேட்டைப் புத்தகம் என்ற பெயர் இருந்தாலும், என்னைக் கேட்டால் அது ஒரு விசாரணைப் புத்தகம். சம்பாவத் புலி 436 பேரைக் கொன்றது. 1907-ல் அதைச் சுட்டபின் கோர்பெட் அதன் வாயைப் பார்க்கிறார். பழைய துவக்குக் காயம் ஒன்றினால் வலப்பக்கக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருக்கின்றன. அதனால்தான் தன் வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் ஆட்களிடம் வந்திருக்கிறது. அதாவது அந்தப் புலியை ஆட்கொல்லியாக்கியது குறி தப்பிய ஒரு மனிதன். இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு மிருகத்தின் மேல் வெறுப்பு வராது.

அதே நேரம், கோர்பெட் ஆட்கொல்லிகளை மட்டும்தான் சுட்டார் என்று உங்கள் கணவர் சொல்லியிருக்கிறார், அது சரியில்லை. அதே புத்தகத்தில் பவல்கர் என்ற இடத்துப் பெரிய புலி ஒன்று வருகிறது. ஒருவருக்கும் கெடுதல் செய்யாத மிருகம், 1930-ல் அதையும் சுட்டார். கடைசிக் கட்டுரையில் புலியைச் சுடுவதைவிடப் படம் பிடிப்பதே மேல் என்று எழுதுகிறவரும் இதே ஆள்தான். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து, "இவர் இப்படி மாறினதுக்கு என்ன காரணம் எண்டு நினைக்கிறாய்?" என்று மகனிடம் கேளுங்கள். எனக்கே அதற்கு நிச்சயமான பதில் இல்லை, அதனால்தான் நல்ல கேள்வி.

கோர்பெட்டின் 'மை இந்தியா' (1952), 'ஜங்கிள் லோர்' (1953) கிடைத்தால் வாங்குங்கள். முதலாவதில் வேட்டையைவிட ஏழைக் கிராமத்தவர்களும் புகைவண்டித் தொழிலாளர்களும் அதிகம். இரண்டாவதில் ஒரு பையன் காட்டின் சத்தங்களைக் கேட்டுப் பழகுகிறான். உங்கள் மகனின் வயதுக்கு அதுவே பொருத்தம். ருத்ரப்பிரயாக் சிறுத்தையைப் பற்றிய புத்தகத்தை மட்டும் ஓரிரண்டு வருடம் தள்ளிப் போடுங்கள். 125 பேரைக் கொன்ற சிறுத்தை அது, கதவைத் திறந்து உள்ளே வரும். நாற்பது ஆடுகளோடு ஓர் அறையில் படுத்திருந்த 14 வயதுச் சிறுவனைக் கொண்டுபோகிற இடம் ஒன்று இருக்கிறது. இரவு பத்து மணிக்குத் தனியே வாசிக்க ஏற்றதல்ல. பெரியவர்களே அதற்குப் பிறகு எழும்பிக் கதவைச் சரிபார்ப்பார்கள்.

அண்டர்சனின் கதைகள் ஜவளகிரி, பென்னாகரம் என்று தமிழ்நாட்டு ஓசூர், தருமபுரிப் பக்கக் காடுகளில் நடப்பவை. ஊர்ப் பெயர்களே நமக்குப் பரிச்சயமாக இருக்கும். பைரா என்ற காட்டுவாசி நண்பனைப் பற்றி அவர் எழுதும்போது எசமான் தொனி குறைவு. கொஞ்சம் கூட்டிச் சொல்கிற பழக்கம் அவருக்கு உண்டென்பது என் சந்தேகம். பிள்ளைகளுக்கு அது குறையாகத் தெரியாது. தாராளமாகக் கொடுக்கலாம்.

சாவோ சிங்கங்களைப் பற்றி பற்றர்சன் எழுதிய புத்தகம் (1907) 13, 14 வயதுக்கு நல்லது. அதுவும் ஒரு நிபந்தனையோடு. 1898-ல் கென்யாவில் ரயில் பாலம் கட்டப் போன இந்தியத் தொழிலாளர்களை இரண்டு சிங்கங்கள் தூக்கிப்போன கதை அது. புத்தகத்தில் அவர் சொல்லும் கணக்கு 28 இந்தியத் தொழிலாளர், கூடவே கணக்கெடுக்கப்படாத ஆபிரிக்கர்கள். பிற்காலத்தில் அவரே 135 என்றார். சிக்காகோ அருங்காட்சியகத்தில் உள்ள அந்தச் சிங்கங்களின் எலும்பையும் மயிரையும் ஆராய்ந்தவர்கள் 2009-ல் ஏறத்தாழ 35 என்று மதிப்பிட்டார்கள். வேட்டைக்காரர் சொல்லும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது என்று பழகுவதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. செத்தவர்கள் அந்தப் பக்கங்களில் பெரும்பாலும் 'கூலிகள்'தான், பெயர் இல்லை. அதே சொல்லோடு கப்பலேறி இந்தத் தீவின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் உங்கள் மகனின் வகுப்பில் இருப்பார்கள். அதை அவனுக்குச் சொல்லுங்கள்.

பேக்கர்தான் எனக்குப் பிரச்சினை. 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேயர். இலங்கை வேட்டை பற்றிய அவருடைய புத்தகம் 1854-ல் வந்தது. நம் நாட்டுக் காடு என்பதால் மகனுக்கு முதலில் இதில்தான் ஆசை வரும். ஆனால் இதில் ஆட்கொல்லியும் இல்லை, கிராமத்தவரின் அழுகையும் இல்லை. யானைகளைக் கூட்டம் கூட்டமாக விளையாட்டுக்குச் சுடுகிறார், மரைகளை நாய்களை விட்டுத் துரத்திக் கத்தியால் குத்துகிறார், சந்தோஷமாக எழுதுகிறார். அவர் மட்டுமல்ல. மேஜர் ரொஜர்ஸ் என்றொருவர் ஆயிரத்துக்கு மேல் யானைகளைக் கொன்றதாகச் சொல்வார்கள். 1845-ல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். யானை கொன்றால் அந்தக் காலத்தில் அரசாங்கமே சன்மானம் கொடுத்தது. 2011-ல் வனசீவராசிகள் திணைக்களம் எண்ணியபோது நாடு முழுக்க இருந்தவை 5,879. பேக்கரை 15 வயதுக்குப் பிறகு, வரலாற்றுப் புத்தகமாக, உங்களில் ஒருவர் கூட இருந்து வாசிக்கட்டும்.

மற்றக் கதைகளில் 'ட்ரெஷர் ஐலண்ட்' இப்போதே சரி. ஜூல்ஸ் வேர்னும் சரி. வேர்னின் நீர்மூழ்கிக் கப்பல் தலைவன் கப்டன் நெமோ உண்மையில் ஓர் இந்திய இளவரசன் என்று 'மிஸ்டீரியஸ் ஐலண்ட்' சொல்வதை அவனே கண்டுபிடிக்கட்டும். 'ரொபின்சன் குரூசோ' தீவில் ஒதுங்கியது அடிமைகளை வாங்கப் போன பயணத்தில். சுருக்கப் பதிப்புகளில் அதை விட்டுவிடுகிறார்கள், நீங்கள் விடாதீர்கள். 'கிங் சொலமன்ஸ் மைன்ஸ்' ஆபிரிக்கர்களைக் காட்டும் விதம் பழையது, பொறுத்துக் கொடுக்கலாம்.

எதை வைத்துக்கொண்டாலும் ஒளிக்க வேண்டாம். பெட்டியை அவன் முன்னால் இறக்கி, "பேக்கரும் ருத்ரப்பிரயாக்கும் இப்ப இல்லை, இன்ன வயதில தருவன்" என்று காரணத்தோடு சொல்லுங்கள். இரவு ஒன்பதரைக்கு விளக்கு அணைய வேண்டும் என்ற ஒப்பந்தத்தையும் அப்போதே போட்டுவிடலாம்.

அப்பம்மாவுக்கு

அவரோடு வாதாடுவதைவிடப் பெரிய புராணத்தைத் துணைக்கு அழையுங்கள். கண்ணப்ப நாயனார் வேடர். பன்றி வேட்டைக்குப் போன இடத்தில்தான் காளத்தி மலையில் இறைவனைக் கண்டார், வேட்டை இறைச்சியைத்தான் படைத்தார். கதிர்காமத்து வள்ளியம்மை வேடர் குலத்தில் வளர்ந்தவர். வேட்டைக் கதை சைவ வீட்டுக்குள் நேற்று வந்ததல்ல. கண்ணப்பர் கதையைப் பேரனுக்குச் சொல்லும் பொறுப்பை அவரிடமே கொடுத்தால் இன்னும் நல்லது.

எயார் ரைஃபிள்

வேண்டாம். கண்ணைப் பறிக்கக்கூடிய சாமான் அது, வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் மாடிவீடுகளுக்கு நடுவே அதற்கு இடமே இல்லை. உங்கள் பழைய காயத்தைக் காரணமாகச் சொல்லாமல் இதையே சொல்லுங்கள்; இது எந்த வீட்டுக்கும் பொருந்தும் காரணம். பதிலாகத் தூரநோக்கி ஒன்று வாங்குங்கள். பத்தரமுல்லைப் பக்கம் தலங்கம குளம், கோட்டையில் பெத்தகான ஈரநிலப் பூங்கா இரண்டும் அதிகாலையில் பறவைகளால் நிரம்பியிருக்கும். தடம் பார்த்து, சத்தம் கேட்டு, அசையாமல் காத்திருப்பதுதான் வேட்டையின் முக்கால்வாசி. சுடாமலே அது முழுவதும் கிடைக்கும்.

மட்டக்களப்புப் பக்கம் புணானையில் பன்னிரண்டு பேரையாவது கொன்ற சிறுத்தையை 1924-ல் ஒரு வெள்ளைக்காரர் சுட்டார். பாடம் செய்த அதன் உடல் கொழும்பு அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. காட்சிக்கு வைத்திருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு அப்பாவும் மகனுமாகப் போய்ப் பார்க்கட்டும். இன்று சிறுத்தையையோ யானையையோ கொல்வது 1937-ம் ஆண்டின் வனசீவராசிகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குற்றம் என்பதை அங்கே வைத்துச் சொல்லலாம். சட்டம் இருந்தும் 2020-ல் நல்லதண்ணியில் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிப் பொறியில் மாட்டிச் செத்துப்போனதையும்தான்.

தமிழில்

இல்லாமல் என்ன? கோர்பெட்டின் குமாவுன் புத்தகத்தை எழுத்தாளர் தி.ஜ.ர. அழகான தமிழில் தந்திருக்கிறார். நம் வன்னிக் காட்டுக்குச் செங்கை ஆழியானின் 'யானை' இருக்கிறது: ஒரு யானையைப் பழிவாங்கத் தேடிப்போகும் மனிதனின் கதை. 14 வயதில் கொடுக்கலாம். லெனாட் வுல்ஃப் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த அனுபவத்தில் எழுதி 1913-ல் வந்த 'த வில்லேஜ் இன் த ஜங்கிள்' ஆங்கில நாவல். இந்தத் தீவின் காட்டைப் பற்றி அதற்கு மேல் ஒன்றை நான் வாசித்ததில்லை. சிலிந்து என்ற வேட்டைக்காரனின் குடும்பம் அழிந்துபோகிற துயரம் அது, 16 வயதுக்கு முன் வேண்டாம். தேடும்போது வெள்ளவத்தையிலேயே தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது, கொழும்பு பொது நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது. பழைய ஈழத்துப் புத்தகங்கள் பல 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் இலவசம்.

அவன் ஆங்கிலத்தில் வாசிப்பதைத் தமிழில் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். அரைவாசி வழியில் சொல் கிடைக்காமல் தடுமாறுவான். மரை, சருகுமான், கட்டுத்துவக்கு, தேன் எடுக்கப் போகிறவர்கள் கரடிக்கு எப்படி வழிவிடுவார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், கோர்பெட்டுக்கு வன்னி தெரியாது. பிறகு உங்களுக்காக ஒன்று: அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி', 1973-ல் வந்த நாவல், தண்ணிமுறிப்புக் காட்டோரத்தில் நடப்பது. மகனுக்கு அல்ல, உங்களுக்கு.